ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்: ஒரு சிறு நிலையமும் 2023 டிசம்பர் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியவர்களுமாகச் சென்னை எழும்பூர் செல்லும் செந்தூர் எக்ஸ்பிரஸ் இரவு 8.25 மணிக்குக் கிளம்பியது. வெளியே விடாத மழை. ஆறுமுகநேரி, நாசரேத், ஆழ்வார்திருநகரி கடந்து ஸ்ரீவைகுண்டம் வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் புறப்பட வேண்டிய வண்டி அங்கேயே நிறுத்தப்பட்டது. அடுத்த பெரிய நிலையமான செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் பாதை பழுதாகிவிட்டது என்ற தகவல் வந்திருந்தது. வண்டியில் ஏறத்தாழ 800 பேர். அவர்கள் வேறொரு ரயிலில் சென்னை போய்ச் சேர்ந்தபோது டிசம்பர் 20 ஆகியிருந்தது.

வெள்ளத்தைப் பற்றி அப்போதே நிறைய எழுதினார்கள். வண்டி நின்ற நிலையத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஒரு கிராமத்து நிலையம் தேவையா இல்லையா என்பதை அங்கே எத்தனை டிக்கெட் விற்கிறது என்பதை வைத்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். ஸ்ரீவைகுண்டம் அன்று செய்த வேலை எந்த டிக்கெட் கணக்கிலும் ஏறாது. அந்த வேலையை அதனால் எப்படிச் செய்ய முடிந்தது, எந்த இடத்தில் அது திணறியது என்பதை நிலையத்தின் பழைய கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஊர் ஒரு கரை, நிலையம் மறு கரை

ஸ்ரீவைகுண்டம் ஊர் தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது. ரயில் நிலையமோ தென்கரையில், புதுக்குடிப் பக்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் நடுவே ஆறு ஓடுகிறது. ஊரிலிருந்து ரயில் ஏற வேண்டுமானால் அணைக்கட்டுப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அணைக்கட்டு தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. மற்ற ஏழும் வெள்ளைக்காரர்களுக்கு முந்தியவை. இது மட்டும் அவர்கள் காலத்தில், 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து இரு கரையிலும் குளங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. தென்கரை முழுக்கக் குளமும் வயலும் வாழைத் தோட்டமும்தான். ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவில் உள்ள சின்ன நிறுத்தத்தின் பெயர் தாதன்குளம்.

ஜில்லா போர்டு போட்ட பாதை

மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-இல். அதன் பிறகு திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு ரயில் வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. திருநெல்வேலி வரை ரயிலில் வந்தவர்கள் மிச்ச தூரத்தை மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ கடந்தார்கள்.

கடைசியில் பாதை வந்தது பெரிய ரயில்வே கம்பெனியின் திட்டத்தில் அல்ல, மாவட்டத்தின் உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டின் முயற்சியில். சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. நில வரியோடு சிறு தொகை ஒன்றைக் கூடுதலாக வசூலித்துச் சேர்த்து, அந்தப் பணத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு 1894-இல் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைத் திறந்தது. பாதை மாவட்டத்தின் சொத்து. வண்டி ஓட்டும் பொறுப்பு மட்டும் தென்னிந்திய ரயில்வேக்கு. திருநெல்வேலி ஜில்லா போர்டும் அதே வழியில் இறங்கியது. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள திருநெல்வேலி–திருச்செந்தூர் மீட்டர்கேஜ் பாதை 1923 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கியது, இந்தப் பாதை நூறு ஆண்டுகளை நிறைவு செய்த ஆண்டில்.

உள்ளூர்க்காரர்களின் கையில் உருவான பாதை என்பது அதன் போக்கிலேயே தெரிகிறது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று ஊர் ஊராகத் தொட்டுப் போகிறது. நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும், கிறிஸ்தவர்களுக்கு நாசரேத், முஸ்லிம்களுக்குக் காயல்பட்டினம், எல்லாருக்கும் திருச்செந்தூர். இவ்வளவு குறைந்த தூரத்துக்குள் இத்தனை வகை மக்களுக்குப் பயன்படும் இன்னொரு கிளைப் பாதையைத் தமிழ்நாட்டில் சொல்வது கடினம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆதிச்சநல்லூர் பறம்பும் இந்தப் பாதைக்கு அருகில்தான். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்து முடித்த பிறகே இந்தப் பக்கம் ரயில் வந்தது.

2008-இல் பாதை அகலப்பாதையானது. அதற்குப் பிறகு, மதுரை தாண்டிப் போகும் வண்டிகள் வந்தன. கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ், பாலக்காட்டுக்கு ஒரு வண்டி. மற்றபடி காலையிலிருந்து இரவு வரை திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் போய் வரும் வண்டிகள்தான் இங்குள்ள மக்களின் வண்டி. பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சஷ்டிக்கும் விசாகத்துக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எல்லாரும் நம்புவது அந்த வண்டிகளைத்தான். கொரோனாவுக்குப் பிறகு இவற்றுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று சொல்லி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட்டை 30 ரூபாய் ஆக்கினார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. தினமும் போய் வரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அந்த 20 ரூபாய் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை டிக்கெட் ஜன்னலில் நின்று சில்லறை எண்ணியவர்களுக்குத் தெரியும்.

நிலையமும் நிறுத்தமும்

வெளியில் இருந்து பார்த்தால் தாதன்குளமும் ஸ்ரீவைகுண்டமும் ஒரே மாதிரியான சிற்றூர் நிலையங்கள்தான். ரயில்வே கணக்கில் இரண்டும் வேறு. தாதன்குளம் போன்ற நிறுத்தத்தில், ரயில்வேக்காரர்கள் சொல்லும் ஹால்ட்டில், ஒரு நடைமேடை இருக்கும், டிக்கெட் கொடுக்க ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். வண்டியை நிறுத்தி வைக்கும் அதிகாரமோ சிக்னலோ அங்கே கிடையாது.

ஸ்ரீவைகுண்டம் கிராசிங் நிலையம். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால் ஒன்று எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்காக இங்கே மெயின் லைனுக்குப் பக்கத்தில் லூப் லைன் இருக்கிறது. இரு முனையிலும் சிக்னல்கள் இருக்கின்றன. இரவும் பகலும் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பணியில் இருக்கிறார், உதவிக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற அனுமதி, கிடைத்தால்தான் வண்டியை அனுப்ப முடியும். லைன் கிளியர் கிடைத்த பிறகும் ஸ்டார்ட்டர் சிக்னலைப் பச்சையாக்குவது இவர் கையில்தான் இருக்கிறது. சந்தேகம் என்றால் சிவப்பை மாற்றாமல் வைத்திருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அன்று நடந்தது அதுதான்.

கருவிக்குத் தெரியாத ஓட்டை

அன்று தென் மாவட்டங்களில் பெய்தது சாதாரண மழை அல்ல. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் விடிய விடியக் கொட்டியது. 18-ஆம் தேதி காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மூன்றுமே இந்தப் பாதையில் உள்ள ஊர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையின் சராசரியே 70 சென்டிமீட்டருக்கு உள்ளேதான். குளங்கள் நிரம்பி உடைந்தன. அந்தத் தண்ணீர் ஆற்றைத் தேடி ஓடும் வழியில், கரை போல உயர்ந்து கிடக்கும் ரயில் பாதை குறுக்கே வருகிறது. பாதைக்கு அடியில் உள்ள சிறு பாலங்கள் சாதாரண மழைத் தண்ணீரைக் கடத்திவிடும். இந்த அளவுக்கு அவை போதவில்லை. தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி, ஏறி, பாதையின் மேலேயே வழிந்து மறுபக்கம் விழுந்தது.

தண்டவாளத்தைத் தாங்குவது கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள். அகலப்பாதையின் கட்டை ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் எடை. அந்தக் கட்டைகளைத் தாங்குவது ஜல்லி. ஜல்லியைத் தாங்குவது மண் கரை. தண்ணீர் மேலே வழிந்து ஓடும்போது முதலில் போவது ஜல்லி, அடுத்தது மண். இரும்பும் கட்டையும் மட்டும் அப்படியே மிஞ்சும். வெள்ளம் வடிந்த பிறகு வெளியான படங்களில் அதைப் பார்த்தோம். கீழே ஒன்றுமில்லாமல், இரண்டு கரைக்கும் நடுவே படுக்கப் போட்ட ஏணி மாதிரி தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்படித் தொங்கும் தண்டவாளம் அறுந்த தண்டவாளம் அல்ல. வண்டி இருப்பதை அறிவதற்காகத் தண்டவாளத்தில் செலுத்தும் சிறு மின்சாரம் அதில் வழக்கம் போல ஓடும். பாதையில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கருவிகளுக்கு, அடியில் ஜல்லி இருக்கிறதா என்று தெரியாது. பாதை காலியாக இருக்கிறது, போகலாம் என்றே அவை சொல்லும். நூறு டன்னுக்கு மேற்பட்ட எஞ்சின் அந்த இடத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் மனிதக் கண்தான் வேண்டும். மழைக்காலத்தில் டார்ச்சும் கையுமாகப் பாதையில் நடக்கும் ரோந்துப் பணியாளர், பலவீனமான இடங்களில் உட்கார்த்தி வைக்கப்படும் காவலாள், அவர்கள் சொல்லும் செய்தியைக் கேட்டு வண்டியைப் பிடித்து வைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் மற்றவை வீண்.

இதே தமிழ்நாட்டில் அந்தச் சங்கிலி அறுந்த இரவுகள் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. அதை அறியாமலேயே வண்டி போனது. நூறைத் தாண்டிய உயிர்கள் போயின. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து அடித்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடிக்கு அதற்குப் பின் ரயிலே போகவில்லை. இந்த இரண்டையும் படித்து வளர்ந்தவன் என்பதால், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது என்ற செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, நிம்மதி. நிற்கிறது. அது போதும் என்றிருந்தது.

இரண்டு இரவுகள்

நின்ற பிறகுதான் அடுத்த சோதனை. அன்று இரவே மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு ஏறத்தாழ 300 பேரை வாகனங்களில் ஏற்றி அருகிலிருந்த பள்ளியில் கொண்டு சேர்த்தார்கள். அதற்குள் சாலையும் அறுந்தது. மிச்சம் 500 பேர் வண்டியிலும் நடைமேடையிலும் தங்கிவிட்டார்கள். நிலையத்தைச் சுற்றி வெள்ளம். ஊர் இருப்பது ஆற்றின் மறுகரையில். அதுவே தண்ணீரில் கிடந்தது. மின்சாரம் இல்லை, போன் சிக்னல் கிடைக்கவில்லை. பெட்டிகளில் இருந்த தண்ணீர் தீரத் தீரக் கழிவறைகளும் பயன்படாமல் போயின. கைக்குழந்தைகள் இருந்தார்கள், கர்ப்பிணி இருந்தார், மாத்திரை தீர்ந்துபோன வயதானவர்கள் இருந்தார்கள்.

அவர்களுக்கு முதலில் சோறு கொடுத்தவர்கள் புதுக்குடி மக்கள். அவர்கள் வீடுகளுக்குள்ளும் தண்ணீர்தான். இருந்தும் கையிலிருந்த அரிசி பருப்பைச் சேர்த்து, பக்கத்துக் கோயிலில் அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரங்களில் சமைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரயில்வே ஊழியர்களும் பயணிகளில் சில இளைஞர்களும் பரிமாறினார்கள். 500 பேருக்கு ஒரு வேளை சமைப்பது என்றால் என்ன என்று கல்யாண வீட்டில் அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். ஈர விறகில் அது எரிந்து, உலை கொதித்து, இறக்குவதற்குள் கண் அவிந்துவிடும். கடை இல்லை, மறுநாள் அரிசி எங்கிருந்து வரும் என்ற உறுதியும் இல்லை. அந்த நிலையில் செய்தார்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. கர்ப்பிணி உள்ளிட்ட சிலரை ஏற்றிக்கொண்டு போயின. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் நிலையத்தை வந்தடைந்து, 19-ஆம் தேதி மற்றவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். கொஞ்ச தூரம் நடை, பிறகு பேருந்து. வாஞ்சி மணியாச்சி நிலையத்திலிருந்து சிறப்பு ரயில் அவர்களைச் சென்னைக்கு ஏற்றிச் சென்றது.

எது காத்தது, எது இல்லை

அந்த வண்டியைக் காத்தது மூன்று விஷயங்கள். நிறுத்தி வைக்க ஒரு தடம், நிறுத்தும் அதிகாரம் உள்ள ஓர் ஆள், பக்கத்தில் ஒரு கிராமம். முதல் இரண்டும் ஸ்ரீவைகுண்டம் கிராசிங் நிலையமாக இருப்பதால் வந்தவை. வருமானம் குறைவு, பயணிகள் குறைவு என்ற காரணத்தைக் காட்டி ஒரு நிலையத்தை ஹால்ட்டாக இறக்கும் யோசனை எங்கே எழுந்தாலும், அதற்கு எதிராக இந்த இரவை எடுத்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்ரீவைகுண்டத்தில் அன்று ஆள் இல்லாமல் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தும் பொறுப்பு அதற்கு முந்தைய நிலையத்துக்குப் போயிருக்கும். தகவல் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு மழையில் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு சந்தேகம்.

மூன்றாவது, கிராமம், எந்தத் திட்டத்திலும் இல்லாதது. அதை நம்பித்தான் 500 பேர் பசியாறினார்கள் என்பது புதுக்குடிக்குப் பெருமை, திட்டமிடுகிறவர்களுக்குக் கேள்வி. கிராசிங் நிலையங்கள் பாதை முழுக்க ஏற்கெனவே இருக்கின்றன. மழைக்காலத்தில் வண்டியை அங்கேதான் நிறுத்துவோம் என்று தெரிந்திருக்கும்போது, ஒரு வண்டி நிறைய ஆட்கள் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் என்ன தேவைப்படும் என்பதையும் யோசித்து வைக்கலாம். குடிதண்ணீர்த் தொட்டி, கரண்ட் போனாலும் ஓடும் மோட்டார், செல்போன் டவர் சாய்ந்தாலும் பேசக்கூடிய ஒரு கருவி, முதலுதவி மருந்து, கொஞ்சம் அரிசி, ஒரு பெரிய அடுப்பு. அக்டோபரில் வைத்து ஜனவரியில் எடுத்துவிடலாம். ஊர் ஆற்றின் அந்தப் பக்கமும் நிலையம் இந்தப் பக்கமுமாக இருக்கும் ஸ்ரீவைகுண்டம் போன்ற இடங்களில் இது இன்னும் முக்கியம். பாலம் மூழ்கினால் ஊரின் கடையோ ஆஸ்பத்திரியோ நிலையத்துக்கு இல்லை.

பாதைக்கு அடியிலுள்ள சிறு பாலங்களின் கதையும் உண்டு. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தால் தண்ணீர் எந்த இடத்தில் பாதையைக் கடக்கும் என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். எந்த மடை எப்போது திறக்கும், எந்தக் குளத்தின் கரை பலவீனம் என்பதை மடை பார்க்கும் நீர்ப்பாய்ச்சியைக் கேட்டாலே சொல்வார். பாதையைப் பராமரிக்கிறவர்களும் குளத்தைப் பராமரிக்கிறவர்களும் மழைக்கு முன்னால் ஒரு முறை சேர்ந்து அந்தப் பாதையோரம் நடந்தால் நிறைய விளங்கும். இப்போது இரண்டும் வேறு வேறு அலுவலகம்.

அரித்துப்போன இடங்களில் மண் கொட்டி, ஜல்லி நிரப்பி, தண்டவாளத்தை நேராக்கும் வேலை இரவு பகலாக நடந்தது. முதலில் திருநெல்வேலிப் பக்கமிருந்தே ஜல்லி கொண்டுவர வேண்டியிருந்தது. பாதை சீராகச் சீராகத்தான் வேலை வண்டி முன்னேற முடியும். 2024 ஜனவரி முதல் வாரத்தில் திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அப்போது தாதன்குளம் பக்கத்தில் புது ஜல்லி வெளிறிய நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அந்த இடத்தில் வண்டி வேகத்தைக் குறைத்து, மெல்ல உருண்டு கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்கள்.